நாலு வாஷர்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும் சுவரில் மாட்டியிருக்கும் படம் கோணலாக இருந்தால் அதை நேராக்காமல் உட்கார மாட்டேன். கல்யாண மண்டபத்தில் வாசல் வாழைமரம் சாய்ந்து நின்றால் எனக்குப் பந்தியில் சோறு இறங்காது. என் மனைவி இதைச் சொல்லிச் சொல்லியே சொந்தக்காரர்கள் மத்தியில் என் மானத்தை வாங்குவாள். இவருக்கு ராஜகோபுரமே சாஞ்ச மாதிரிதான் தெரியும் என்பாள். என்ன செய்வது, முப்பத்தோரு வருஷம் பார்த்த வேலை அப்படி. ஆலையில் மோட்டாரையும் பம்பையும் எதிரெதிரே வைத்து, இரண்டின் தண்டும் ஒரே கோட்டில் வருகிறதா என்று அளப்பதுதான் என் பிழைப்பு. முடி அளவு விலகியிருந்தாலும் மோட்டாரின் காலுக்கடியில் மெல்லிய தகடு செருகி நேராக்கிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். ரிட்டயர் ஆகியும் கை மாறவில்லை, வாயும் மாறவில்லை.

என் சகலை எனக்கு நேர் எதிர். என் மனைவியின் அக்காவைக் கட்டியவர், என்னைவிட நாலு வயது மூத்தவர். அவரும் ஆலை ஆள்தான், ஆனால் வார்ப்புப் பட்டறையில் மர அச்சு செய்தவர். அவர் மரத்தில் செதுக்கிக் கொடுப்பதை மண்ணில் பதித்து, அந்தப் பள்ளத்தில் இரும்பை உருக்கி ஊற்றுவார்கள். உருகின இரும்பு ஆறினால் சுருங்கும். அதனால் கேட்ட அளவைவிடக் கொஞ்சம் பெரிதாகத்தான் மரத்தைச் செய்வார். மண்ணிலிருந்து சிக்காமல் வெளியே வர ஓரங்களைக் கொஞ்சம் சாய்வாக இழைப்பார். தப்பான அளவில் செய்தால்தான் சரியான அளவில் வரும் என்று ஒரு தடவை என்னிடம் சொன்னார். எனக்கு அது மண்டையில் ஏறவில்லை. சும்மா தலையாட்டி வைத்தேன். அந்தத் தலையாட்டலுக்காகப் பிற்பாடு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டுப் பக்கம் இரண்டாவது மாடியில் அவர் வீடு. அவர் ரிட்டயர் ஆனதிலிருந்து அந்த வீட்டில் யாரும் டைனிங் டேபிளில் சாப்பிட்டதில்லை. அதன்மேல் ஒரு விமானம் உட்கார்ந்திருந்தது. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரட்டை இறக்கை வைத்த பழைய காலத்து விமானம். அசலில் ஆறில் ஒரு பங்கு, இறக்கை இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. ரிமோட்டில் பறப்பது. பத்து வருஷமாகத் தெர்மோகோல் விமானங்களைப் பறக்கவிட்டுக் கை பழகியவர், ஒன்றையாவது மரத்தில் குச்சி குச்சியாக வெட்டி அசல் மாதிரியே செய்துவிட வேண்டும் என்று ஆரம்பித்தார். உடம்புப் பகுதி முடியவே இரண்டு வருஷம் ஆனது. அதற்குள் சர்க்கரை வியாதி அவருடைய வலது கண்ணைக் கொண்டுபோய்விட்டது.

இந்த வருஷம் இடது கண்ணிலும் உள்ளே ரத்தம் கசிய ஆரம்பித்தது. புத்தூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். இருக்கிற பார்வை நிற்கலாம், கூடலாம், குறையவும் செய்யலாம், ஆனால் ஆபரேஷன் செய்யாவிட்டால் போவது நிச்சயம் என்று டாக்டர் உள்ளதைச் சொல்லிவிட்டார். கட்டம் போட்ட ஒரு தாளையும் கொடுத்தார்கள். தினம் காலையில் அந்தக் கண்ணால் அதைப் பார்க்க வேண்டும், நேர்கோடு நெளிந்து தெரிந்தால் உடனே வந்துவிட வேண்டும். என் மனைவியின் அக்காவை நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா அந்தத் தாளை ஃபிரிட்ஜ் கதவில் கோணலாக ஒட்டி வைத்திருந்தார். நான் அதைப் பிய்த்து நேராக ஒட்டினேன்.

அன்றைக்குத்தான் சகலை என்னிடம் அந்த உதவியைக் கேட்டார். அவர் யாரிடமும் எதையும் கேட்கிற ஆள் இல்லை. இறக்கைகள் தயாராக இருக்கின்றன, கோத்து முடுக்க வேண்டும், கம்பி கட்ட வேண்டும், மோட்டார் வைக்க வேண்டும், தனக்கு இப்போது கம்பியும் நூலும் ஒன்றாகத் தெரிகிறது என்றார். 

"ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு தடவை அது பறக்கிறத இந்தக் கண்ணால பாத்துடணும் சகலை. அப்புறம் எது எப்படி ஆனாலும் சரி" என்றார். ஆபரேஷனுக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது.

நான் கிளம்பும்போது அக்கா என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தம்பி, தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்க எதைப் பாத்தாலும் குத்தம் சொல்ற ஆளு. கண்ணு தெரியாம அவர் எதையாவது முன்னப் பின்ன செஞ்சிருப்பார். வாயத் தொறந்து சொல்லிடாதீங்க. மனுஷன் ஒடிஞ்சு போயிடுவார்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவர் சொன்னதில் பொய் இல்லை. ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்துகொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாளிலிருந்து தினம் காலை எட்டு மணிக்கு உறையூரிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு காவேரிப் பாலத்தைத் தாண்டிப் போவேன். முதல் நாளே ஒரு காரியம் செய்தேன். கீழ் இறக்கையைத் தூக்கிய தூக்கில் உள்ளே ஒரு குச்சி மடக்கென்று ஒடிந்தது. அது பால்சா மரம், காகிதத்துக்கு அண்ணன். இரும்பைப் பிடித்துப் பழகின என் கைக்கு அதன் எடையே தெரியவில்லை. சகலை எழுந்து வந்து, ஒடிந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்து, ஒட்டிக்கொள்ளலாம் என்றார். அவ்வளவுதான். அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் வீடு இரண்டாகியிருக்கும்.

மேல் இறக்கைக்கும் கீழ் இறக்கைக்கும் நடுவில் தூண்கள் உண்டு. அந்தத் தூண்களை இழுத்துப் பிடிக்கக் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய எஃகுக் கம்பிகள். ஒன்றை அதிகமாக முடுக்கினால் இறக்கை முறுக்கிக்கொள்ளும். நான் ஸ்கேலையும் மட்டப்பலகையையும் வைத்து மணிக்கணக்காக அளந்துகொண்டிருப்பேன். சகலை சோபாவில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முடித்ததும் எழுந்து வந்து ஒவ்வொரு கம்பியையும் நகத்தால் சுண்டி, சத்தத்தைக் கேட்பார். இடது பக்கம் மூன்றாவது கம்பியைக் கொஞ்சம் கூடுதலாக இழுத்துவிட்டீர்கள் என்பார். அளந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கும். அந்த விரலையும் காதையும் நான் தினம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்தும் புத்தியில் உறைக்கவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின வாரம் செவ்வாய்க்கிழமை. சகலையும் அக்காவும் சர்க்கரை பார்க்க லேபுக்குப் போயிருந்தார்கள். நான் மட்டும் மேஜைக்கு முன்னால். மோட்டாரை வைக்கிற நாள் அது. விமானத்தின் மூக்கில் ஒரு பிளைவுட் பலகை, அதில் நாலு போல்ட்டில் மோட்டார் உட்காரும். அந்தப் பலகையை அவர் போன மார்கழியில் ஒட்டியிருந்தார், வலது கண் போன பிறகு. மோட்டாரை முடுக்கிவிட்டு, பழக்க தோஷம், மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தேன். மோட்டார் நேராக இல்லை. வலது பக்கம் திரும்பியிருந்தது, கொஞ்சம் கீழேயும் பார்த்தது. இரண்டு டிகிரி இருக்கும்.

திரும்பத் திரும்ப அளந்தேன். சந்தேகமே இல்லை, கோணல். நாற்பது வருஷம் மரத்தில் விளையாடின கை, ஒரு பலகையை நேராக ஒட்ட முடியாமல் போயிற்றே என்று நினைத்தேன். ஆலையாக இருந்தால் சத்தம் போட்டிருப்பேன். சத்தியம் ஞாபகத்துக்கு வந்தது. சொல்லக் கூடாது, அவ்வளவுதானே, செய்யக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. முப்பத்தோரு வருஷம் செய்த வேலையை அங்கேயும் செய்தேன். வலது மேல் போல்ட்டுக்கு ஒரு வாஷர், இடது கீழ் போல்ட்டுக்கு ஒரு வாஷர், வலது கீழ் போல்ட்டுக்கு இரண்டு. மூலைமட்டம் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. முன்பக்கத்து மூடியைப் போட்டால் தண்டு அதன் ஓட்டையில் நடுவாக வரவில்லை. ஓட்டையின் இடது ஓரத்தை அரத்தால் லேசாகத் தேய்த்து, மூடியைப் பூட்டினேன். ஒருவருக்கும் தெரியாமல் ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தியில் எனக்கு நானே காபி போட்டுக் குடித்தேன்.

சாயங்காலம் சகலை வந்து வழக்கம்போல விமானத்தைத் தலையிலிருந்து வால் வரை தடவிப் பார்த்தார். மூடியின் ஓட்டைக்கு வந்ததும் விரல் நின்றது. அதே இடத்தை மூன்று தடவை தடவினார்.

"இங்க ஏதாவது தொட்டீங்களா?"

"பிசிறு இருந்துச்சு சகலை. லேசா தேய்ச்சேன்" என்றேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். பொய்யும் அவருக்காகத்தானே என்று அதையும் நல்ல கணக்கிலேயே சேர்த்துவிட்டேன்.

திருச்சியில் ஏர்போர்ட் இருப்பதால் ஊர்ப்பக்கம் எதையும் பறக்கவிடக் கூடாது. தொட்டியம் பக்கத்தில் ஒரு வற்றிய ஏரியைச் சகலை முன்பே பார்த்து வைத்திருந்தார். அவர் பழைய விமானங்களைப் பறக்கவிட்ட இடம்தான். ஞாயிற்றுக்கிழமை காலை இறக்கைகளைக் கழற்றிக் காரில் போர்வை சுற்றிப் படுக்கவைத்து, ஐந்தரைக்குக் கிளம்பினோம். நான் ஓட்டினேன், சகலை பக்கத்தில், அக்கா பின்சீட்டில் இட்லி டப்பாவையும் விமானத்தின் வால்பகுதியையும் மடியில் வைத்துக்கொண்டு. எங்கேயாவது பள்ளத்தில் கார் குதித்தால் சகலையின் கை டாஷ்போர்டைப் பிடிக்கும்.

ஏரித் தரை வெடித்து இறுகிக் கெட்டியாக இருந்தது. இடது பக்கம் கரைக்கு அப்பால் வாழைத் தோட்டம், வலது பக்கம் கருவேலம். எட்டரை மணிக்கு மேல் அந்தப் பக்கம் காற்று எழும்பிவிடும், அதற்குள் முடிக்க வேண்டும் என்று சகலை சொல்லியிருந்தார். இறக்கையைக் கோத்துக் கம்பிகளை மாட்டி முடிக்க ஏழேகால் ஆகிவிட்டது. மஞ்சள் இறக்கை, அடிப்பக்கத்தில் மட்டும் அகலமாக இரண்டு கறுப்புப் பட்டை. தூரத்தில் போகும்போது மேல்பக்கம் தெரிகிறதா அடிப்பக்கம் தெரிகிறதா என்று அவர் கண்ணுக்குப் புரிய அதுதான் வழி. ரிமோட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இரண்டு கட்டைவிரலையும் குச்சிகளின்மேல் வைத்தார். நான் வாலைப் பிடித்துக்கொண்டு முட்டி போட்டேன்.

விடுங்க என்றார். விட்டேன்.

பத்தடி நேராக ஓடியது. பிறகு இடது பக்கம் இழுத்தது. சகலையின் வலது கட்டைவிரல் நகர்ந்ததைப் பார்த்தேன், இல்லை, இடதா, எனக்கு அப்போது ஒன்றும் பார்க்கத் தெரியவில்லை. விமானம் இன்னும் இடது பக்கம் வளைந்தது, வாழைத் தோட்டத்தைப் பார்த்து. தரையை விட்டுக் கிளம்பின வேகத்தில் மூக்கைத் தூக்கிக்கொண்டு செங்குத்தாக ஏறி, ஆள் உயரத்தில் இடது இறக்கை சாய்ந்தது. சகலை மோட்டாரை நிறுத்திவிட்டார். சொத்தென்று விழுந்தது. அக்கா ஐயோ என்றது மட்டும்தான் சத்தம்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். ப்ரொபெல்லர் இரண்டாக ஒடிந்திருந்தது, இடது சக்கரத்துக் கம்பி வளைந்திருந்தது, கீழ் இறக்கையின் முனையில் மஞ்சள் தாள் கிழிந்திருந்தது. சரிசெய்யக் கூடியதுதான், மாற்று ப்ரொபெல்லர் பெட்டியில் இருந்தது. இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்து, ஒன்றும் ஆகவில்லை, அரை மணி நேரத்தில் சரியாகிவிடும் என்றேன். அவர் அதைக் குனிந்து பார்க்கவில்லை. ரிமோட்டைக் கழற்றி அக்காவிடம் கொடுத்துவிட்டு, காரின் கதவைத் திறந்து விளிம்புப் படியில் உட்கார்ந்தார்.

"நேராத்தான் ஓட்டறேன்னு நினைச்சேன். லெஃப்ட் போறதே எனக்குத் தெரியல. தெரியறப்போ நேரம் தாண்டிடுச்சு" என்றார். குரலில் அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

அக்கா தண்ணீர் கொடுத்தார். வாங்கிக் குடித்தார். பிறகு, புதன்கிழமை ஆபரேஷனுக்குப் போகப் போவதில்லை என்றார். இத்தனை கிட்டத்தில், இத்தனை வெளிச்சத்தில் இவ்வளவு பெரியது சாய்வது தெரியவில்லை என்றால் அந்தக் கண் ஏற்கெனவே போய்விட்டது, போன கண்ணுக்குக் கத்தி எதற்கு என்று கேட்டார். அக்கா ஏதேதோ சொல்லிப் பார்த்தார். அவர் விமானத்தைக் காட்டி, அதை வேண்டும் என்கிற யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று என்னிடம் சொன்னார்.

எனக்கு அதுவரை புரியவில்லை என்று சொன்னால் அது அடுத்த பொய். விமானம் வளைந்த அந்த நொடியே தெரிந்துவிட்டது. இடது பக்கம் இழுக்கிற விமானத்தின் மூக்கை எதற்காக ஒருவன் வலது பக்கம் திருப்பி வைப்பான்? மேலே எகிறுகிற விமானத்தின் மூக்கை எதற்காகக் கீழே பார்க்க வைப்பான்? தப்பான அளவில் செய்தால்தான் சரியான அளவில் வரும். சொன்ன மனுஷன் அதோ படியில் உட்கார்ந்திருக்கிறார்.

சொல்லாவிட்டால் இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது. மூடிக்குள் இருக்கிறது அது. ஊருக்குப் போய் ராத்திரியோடு ராத்திரியாக வாஷரை உருவிவிட்டால் கதை முடிந்தது. முப்பத்தோரு வருஷம் அடுத்தவன் தப்பைக் கண்டுபிடித்துக் கொட்டை எழுத்தில் எழுதினவன் நான். எத்தனை பேர் கெஞ்சியிருக்கிறார்கள், இந்த ஒரு தடவை விட்டுடுங்க சார் என்று. ஒருத்தனையும் விட்டதில்லை. இப்போது என் தப்பு என் வாயில் நிற்கிறது, வெளியே வர மாட்டேன் என்கிறது. அக்கா இட்லி டப்பாவைத் திரும்ப மூடிக்கொண்டிருந்தார்.

"சகலை, அது உங்க கண்ணு இல்ல" என்றேன். "மோட்டார் கோணலா இருந்துச்சு. நான்தான் வாஷர் போட்டு நேராக்கிட்டேன்."

அவர் நிமிரவே இல்லை. எப்போது என்று மட்டும் கேட்டார். செவ்வாய்க்கிழமை என்றேன். எத்தனை என்று கேட்டார். நாலு என்றேன். மூடியைத் தேய்த்தது அதற்குத்தானா என்றார். ஆமாம் என்றேன்.

"எங்கிட்ட ஏன் கேக்கல?"

"கண்ணு தெரியாம ஒட்டிட்டீங்கன்னு நினைச்சேன்" என்றேன்.

அவர் எழுந்து நின்றார். இருபத்தெட்டு வருஷத்தில் அவர் என்னை நீ என்று கூப்பிட்டதில்லை. அன்றைக்குக் கூப்பிட்டார்.

"யோவ், நான் இன்னும் குருடாகலய்யா. நீயே என்னைக் குருடாக்கிட்டியே."

அக்கா அவர் கையைப் பிடித்தார். அவர் உதறவில்லை, ஆனால் நிற்கவும் இல்லை. விமானத்திடம் போய் உட்கார்ந்து, கையை நீட்டினார். ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்தேன். மூடியைக் கழற்றினார். போல்ட் கழற்றுகிற அல்லன் கீயைக் கொடுத்தேன். நான் பிடிக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். நாலு போல்ட்டையும் கண்ணால் பார்க்காமல், முகத்தை எங்கேயோ வைத்துக்கொண்டு, விரலால் தேடித் தேடிக் கழற்றினார். ஒவ்வொரு வாஷராக எடுத்துத் தரையில் வைத்தார். எனக்கு அந்த இடத்தை விட்டுப் போய்விடலாம் போல இருந்தது. போகவில்லை. திட்டியிருந்தால் தேவலை, அவர் திட்டவும் இல்லை.

முடுக்கிக்கொண்டே, யாருக்கோ சொல்வது போலச் சொன்னார். ப்ரொபெல்லர் ஒரு பக்கம் சுற்றும்போது விமானத்தை மறுபக்கம் முறுக்கும், வேகம் கூடக்கூட இடது பக்கம் இழுக்கும். அதற்காக மூக்கை வேண்டுமென்றே வலது பக்கமும் கீழேயும் வைப்பார்கள், விமானத்தின் பிளானிலேயே வரைந்து போட்டிருக்கிறது. அந்தக் கோணத்துக்காகவே மூன்று நாள் அந்தப் பலகையை இழைத்தாராம். நான் பிளானை இறக்கைப் பக்கம் மட்டும்தான் விரித்துப் பார்த்திருந்தேன். மாற்று ப்ரொபெல்லரையும் அவரே மாட்டிவிட்டு, வளைந்த சக்கரக் கம்பியை மட்டும் என்னிடம் தள்ளினார். அதை நான் நிமிர்த்தினேன். கிழிந்த தாளை அக்கா செலோடேப் போட்டு ஒட்டினார், கோணலாக. நான் வாயைத் திறக்கவில்லை.

மணி எட்டேகால். வாழை இலைகள் லேசாக அசைய ஆரம்பித்திருந்தன. சகலை ரிமோட்டை மாட்டிக்கொண்டார். இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாமே என்றார் அக்கா. இன்னொரு நாள் கிடையாது என்று மூன்று பேருக்கும் தெரியும். நான் வாலைப் பிடித்துக்கொண்டேன். மூக்கு கொஞ்சம் வலது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அப்போதும் அது கண்ணை உறுத்தியது என்பதை மறைக்க மாட்டேன்.

விட்டேன். ஓடியது. நேராக ஓடியது. வால் எழுந்தது, சக்கரம் தரையை விட்டது, ஏரிக்கரைக்கு மேலே அவசரமே இல்லாமல் ஏறியது. இரண்டு இறக்கைக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. சகலை வாயைக் கொஞ்சம் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். வலது பக்கம் ஒரு பெரிய வட்டம் போட்டார், கருவேலத்துக்கு மேலே. இரண்டாவது வட்டமும் போட்டார். அவர் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வட்டத்தில் அது சூரியன் பக்கம் போனது. அவர் முகம் மாறியது.

"காணோம்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். "பக்கத்துல வா. சொல்லு."

ஓடிப்போய் அவர் தோளோடு நின்றேன். சூரியனுக்குக் கை வைத்து மறைத்துக்கொண்டு தேடினேன். ஒரு கணம் எனக்கும் தெரியவில்லை. பிறகு கிடைத்தது. இடது இறக்கை தாழ்ந்து தாழ்ந்து வந்துகொண்டிருந்தது. சரியாத்தான் இருக்கு, கொஞ்சம் லெஃப்ட் மட்டும் என்று நான் ஆரம்பித்தேன்.

"இருக்கிறத மட்டும் சொல்லு" என்றார்.

"லெஃப்ட் சாயுது. நிறையச் சாயுது."

விரல் நகர்ந்தது. இப்போது சமம் என்றேன். மூக்கு கீழே என்றேன். நம்மைப் பார்த்து வருகிறது, வலது சாய்கிறது, சமம், இறங்குகிறது, சீக்கிரம் இறங்குகிறது, கொஞ்சம் தூக்குங்கள் என்றேன். என் வாழ்க்கையில் அத்தனை குறையை அத்தனை வேகமாக நான் யாரிடமும் சொன்னதில்லை. ஒவ்வொன்றுக்கும் அவர் விரல் பதில் சொன்னது. கிட்டத்தில் வந்ததும் அவர் கழுத்து அதைப் பின்தொடர்ந்து திரும்பியது. தெரிகிறது, பேசாதே என்றார். சக்கரம் ஒரு தடவை தரையில் பட்டு எம்பியது, மறுபடி பட்டது, புழுதியில் ஓடி நின்றது.

அக்கா உட்கார்ந்துவிட்டார். சகலை ரிமோட்டைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார். கன்னத்தில் தண்ணீர் வடிந்தது, துடைக்கவில்லை. எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. மன்னிச்சுக்கங்க என்று மட்டும் சொன்னேன். அவர் அக்கா பக்கம் திரும்பி, போட்டோ எடுத்தியா என்று கேட்டார். மூன்று பேரிடமும் போன் இருந்தது, ஒருவரும் ஒரு படம் எடுக்கவில்லை.

ஆபரேஷன் வேண்டாம் என்ற பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை. புதன்கிழமை புத்தூருக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் என்னிடம் அதிகம் பேசவில்லை. வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவரை உள்ளே அழைத்துப் போன பிறகு காத்திருக்கிற ஹாலில் உட்கார்ந்திருந்தேன். எதிர்ச் சுவரில் ஒரு பெருமாள் படம், ஒரு பக்கம் சாய்ந்து தொங்கியது. பதினைந்து நிமிஷம் தாக்குப்பிடித்தேன். எழுந்து பாதி தூரம் போனேன். பிறகு என்ன தோன்றியதோ, திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். ஆனால் முதல் இரண்டு வாரம் எல்லாமே தண்ணீருக்குள் பார்ப்பது மாதிரி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். கட்டத் தாளைக் காட்டி, கோடு நெளிவது நின்றதா என்று அக்கா தினம் கேட்பார், இன்னும் நெளிகிறது என்பார். சிலருக்கு அந்த நெளிவு கடைசிவரை போகாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அக்கா ஃபிரிட்ஜ் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டார்.

மூன்றாவது வாரம் செக்கப்புக்குப் போனோம். அதே ஹால், அதே பெஞ்சு. அக்கா மருந்துச் சீட்டோடு கவுன்ட்டரில் நின்றார். சகலை கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போடவில்லை. எதிரே பார்த்துக்கொண்டே இருந்தார். திடீரென்று என் மணிக்கட்டைப் பிடித்தார். விரல் ஜில்லென்று இருந்தது.

"சகலை, ஒண்ணு கேக்கறேன். இருக்கிறத மட்டும் சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன்.

"அந்தப் பெருமாள் படம் வலது பக்கம் சாஞ்சு தெரியுது. படம் அப்படியா, என் கண்ணு அப்படியா?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். மூன்று வாரமாக யாரும் அதைத் தொடவில்லை.

"படம்தான் சகலை. ரெண்டு டிகிரி இருக்கும்."

பிடி தளர்ந்தது. அதற்குள் நர்ஸ் வந்து அவரைக் கூப்பிட்டாள். அவர் எழுந்து, யார் கையையும் பிடிக்காமல் நடந்து போனார்.